கையால் பேசுகிறவருக்கு மயக்கம் கொடுத்தது

1. "கை குழறுது"

"கையில பலமெல்லாம் நல்லா இருக்குது மா. ஊசியில நூல் கோக்கறாரு, கத்திரி புடிக்கறாரு. பேசறப்போ மட்டும்தான் கை குழறுது."

ஜலீல் பாயின் மனைவி மெஹருன்னிசா என்னிடம் இப்படித்தான் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் காஞ்சிபுரத்தில் மயக்க மருந்து கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். ஊரில் எங்களை 'மயக்க டாக்டர்' என்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியைப் பார்த்து, மயக்கம் தாங்குவாரா என்று சோதிப்பது எங்கள் வேலை. அந்தச் சோதனையில் வாய் குழறியது, கால் இழுத்தது, பார்வை மங்கியது என்று பலவிதமாகக் கேட்டிருக்கிறேன். கை குழறுவதைக் கேட்டது அன்றுதான்.

ஜலீல் பாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஒலிமுகமது பேட்டையில் வீடு. காந்தி ரோட்டுக்குப் பின்பக்கச் சந்தில் ரவிக்கை தைக்கும் கடை. பட்டுப்புடவை வாங்குகிற பெண்கள் அதே பார்டரோடு வரும் ரவிக்கைத் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் ஷபானா ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வெளியாட்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பேச்சை மாற்றித் தருவது சின்ன வயதிலிருந்து அவள் பொறுப்பு.

அவருக்கு வந்த தொந்தரவு இதுதான். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே சைகைகள் தாறுமாறாகிவிடும். 'தண்ணி' என்பதற்கு வேறு எதையோ காட்டுவார். வலது கை கலங்கலாக எதையெதையோ வரைந்துகொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று அவருக்கே கோபம் வரும். சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். முதலில் மாதத்துக்கொரு முறை வந்தது. பிறகு வாரம் ஒன்று என்றாகி, என்னிடம் வந்தபோது ஏறக்குறைய தினமும் வந்துகொண்டிருந்தது.

மெஹருன்னிசா சொன்னதைக் கேட்டவுடனே எங்கள் ஆஸ்பத்திரியின் நரம்பியல் மருத்துவர் கழுத்துக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம் இருக்கிறது. வாயால் பேசினாலும் கையால் பேசினாலும் இடம் அதேதான். சைகை மொழிக்காரருக்கு அந்த இடத்தில் ரத்தம் குறைந்தால் கை பலத்தோடு இருக்கும், ஆனால் சொல் கெட்டுப்போகும். மெஹருன்னிசா சொன்னது அப்படியே அதுதான்.

மூளைக்கு நான்கு குழாய்களில் ரத்தம் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இருபுறமும் இரண்டு பெரிய குழாய்கள். பின்பக்கம் எலும்பை ஒட்டி இரண்டு சிறியவை. ஜலீல் பாய்க்கு வலது பெரிய குழாய் எப்போதோ முழுவதும் அடைத்துப்போயிருந்தது. அது அவருக்கே தெரியாது. இடது குழாயில் ஒரு நூல் வழி மட்டும் மிச்சம். அங்கே படிந்திருந்த கொழுப்புக் கட்டியிலிருந்து துணுக்குகள் உடைந்து மேலே போய்க்கொண்டிருந்தன. அடுத்த துணுக்கு பெரிதாக இருந்தால் அவர் ஆயுளுக்கும் ஊமையாகிவிடுவார். அதாவது, கையும் பேசாத ஊமை.

2. வாயு செய்வதும் செய்யாததும்

செய்ய வேண்டிய ஆபரேஷன் சுலபமாகச் சொல்லக்கூடியது. இடது குழாயைக் கழுத்தில் திறந்து, உள்ளே படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்து, தைத்து மூட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், திறப்பதற்கு முன் அந்தக் குழாயை மேலும் கீழும் கிளாம்ப் போட்டு அடைக்க வேண்டும். வலது பக்கம் ஏற்கெனவே அடைப்பு. ஆகவே கிளாம்ப் போட்டிருக்கும் நேரம் முழுக்க, பின்பக்கத்துச் சின்னக் குழாய்கள் இரண்டும் கொடுப்பதை வைத்துத்தான் அவர் மூளை பிழைத்தாக வேண்டும்.

இளைய மருத்துவர்களும் டெக்னீஷியன்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் மயக்க வாயு இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

மூளையின் செல்லுக்கு இரண்டு வேலைகள். பக்கத்துச் செல்லோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது ஒன்று. செத்துப்போகாமல் இருப்பது மற்றொன்று. உப்பு எது உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதெல்லாம் இரண்டாவதில் சேரும். மூளை எரிக்கிற ஆக்ஸிஜனில் பாதிக்கும் மேல் முதல் வேலைக்கே போய்விடுகிறது. ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் போன்ற வாயுக்கள் அந்தப் பேச்சைக் குறைக்கின்றன. பேச்சு குறைந்தால் தேவை குறைகிறது. தேவை குறைந்த மூளை, குறைந்த ரத்தத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிவிடும்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்களிடம் இருந்தது ஹாலோத்தேன். அது ரத்தக்குழாய்களை அகலத் திறந்துவிடும், ஆனால் மூளையின் தேவையை அவ்வளவாகக் குறைக்காது. ஹாலோத்தேனில் இருக்கும் நோயாளிக்கு ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்தாலே, மூளையின் மின்துடிப்பைக் காட்டும் இ.இ.ஜி. அலைகள் தளர்ந்துவிடும். ஐசோஃப்ளுரேனில் அதைவிட வெகுவாகக் குறைந்த ஓட்டம் வரைக்கும் அலைகள் தாங்கும். அதனால்தான் கழுத்துக் குழாய் ஆபரேஷன்களில் அது நிலைத்தது. செவோவும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான், நோயாளி சீக்கிரம் தெளிவார் என்பது கூடுதல் வசதி. வேறொருவர் அதை எடுத்திருந்தாலும் தப்பில்லை. ஐசோவில் அலைகள் எப்படியிருக்கும் என்று எனக்குக் கண் பழகியிருந்தது. அதனால் அதை எடுத்தேன்.

ஆனால் வாயு ரத்தம் கொடுக்காது. இரண்டாவது வேலைக்கான தேவையையும் அது தொடாது. அளவை ஏற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்து ஏற்றினால் பி.பி. விழும். பி.பி. விழுந்தால் பின்பக்கத்துக் குழாய்கள் கொடுக்கும் கொஞ்சமும் போய்விடும். தவிர, வாயு அதிகமானால் இ.இ.ஜி. தானாகவே படுத்துவிடும். பிறகு ரத்தம் போதவில்லை என்று நமக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

3. வார்டில் ஒத்திகை

ஆபரேஷன் செய்ய வேண்டியவர் சென்னையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் ரத்தக்குழாய் நிபுணர் டாக்டர் சேகர். என்னைவிட வயதில் சின்னவர், கைவேலை சுத்தம். அவருக்கு இந்த ஆபரேஷனை நோயாளி விழித்திருக்கும்போதே, கழுத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதுதான் பிடிக்கும்.

"மேடம், முழிச்சிருக்கற பேஷன்ட்ட விட நல்ல மானிட்டர் எதுவும் கெடையாது. கிளாம்ப் போட்டுட்டு பேசச் சொல்வோம். பேசினா ஓட்டம் போதும். பேச்சு நின்னா ஷன்ட் போட்டுடலாம்" என்றார்.

ஷன்ட் என்பது மெல்லிய சிலிக்கான் குழாய். கிளாம்ப் போட்ட இடத்துக்கு மேலும் கீழும் அதைச் செருகினால் ரத்தம் அதன் வழியாகப் போகும். போடும்போது துணுக்கு உடைந்து மேலே போகும் அபாயம் அதில் உண்டு. அவசியமானால் மட்டும் போடுவது சேகரின் வழக்கம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த நோயாளி பேச வேண்டுமானால் கை கட்டப்படாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் கையைப் பலகையோடு கட்டிவிடுவோம், முகத்துக்கு மேல் துணி வந்துவிடும். துணிக்குக் கீழே அவரால் பேச முடிகிறதா என்று செய்து பார்க்கலாம் என்று சேகரே யோசனை சொன்னார். ஆபரேஷனுக்கு முதல் நாள் பகலில் வார்டிலேயே ஒத்திகை வைத்தோம்.

ஜலீல் பாயைத் தலையணை இல்லாமல் படுக்கவைத்து, முகத்தை வலது பக்கம் திருப்பி, கம்பி வளைவின் மேல் பச்சைத் துணியைப் போட்டோம். ஷபானா அந்தத் துணிக்குக் கீழே அவர் பார்வை படுகிற மாதிரி முட்டிபோட்டு உட்கார்ந்து சைகை செய்தாள். முதலில் பதில் சொன்னார். பிறகு இருமல் வந்தது. துணிப் பிசிரிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குப் பல வருஷத்து இருமல் அது. இருமலோடு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழுத்தைத் திறந்து வைத்திருக்கும்போது இப்படி இருமினால் என்ன ஆகும் என்று நானும் சேகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அவர் துணியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

அவர் கை வேகமாகப் பேசியது. ஷபானா தயங்கிச் சொன்னாள்.

"துணி போட்டா கெணத்துக்குள்ள தள்ளி மூடின மாதிரி இருக்குதாம். என்னை தூங்க வெச்சிடுங்க, தூங்கறவன் பேசத் தேவையில்லன்னு சொல்றாரு. இன்னொன்னும் கேக்கறாரு மா. கையை தூங்கினப்புறம் கட்டுங்க, முழிக்கறதுக்கு முன்னாடி அவுத்துடுங்க. கையைக் கட்டினா வாயைக் கட்டின மாதிரியாம்."

சேகர் அவர் தோளில் கைவைத்து, சரி என்று தலையசைத்தார். அதற்குப் பிறகு அவர் விழித்திருக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேசவில்லை.

நான் வேறு சிலவற்றையும் யோசித்து வைத்தேன். வழக்கமாக ரத்த அழுத்தம் அளக்கும் ஊசியை மணிக்கட்டில் போடுவோம். இவருக்குப் பாதத்தில் போடுவது என்று முடிவு செய்தேன். ஐ.வி. லைன் புறங்கையில் வேண்டாம், முழங்கைக்குக் கீழே போதும். காது கேட்காதவரை எப்படி எழுப்புவது என்று மெஹருன்னிசாவிடம் கேட்டேன். "இடது தோள தட்டுங்க மா. திடுக்குன்னு உலுக்கினா பயந்துக்குவாரு" என்றார்.

4. கிளாம்ப்

நரம்பியல் மருத்துவர் தன் கிளினிக்கிலிருந்து இ.இ.ஜி. கருவியையும் அதைப் பார்க்கும் கவிதா என்ற டெக்னீஷியனையும் தியேட்டருக்கு அனுப்பியிருந்தார். ஜலீல் பாயின் தலையில் இடதும் வலதுமாகக் கம்பிகள் ஒட்டி, திரையில் இரண்டு பக்கத்து அலைகளும் தனித்தனியே ஓடின. என்னோடு எப்போதும் இருக்கும் அனஸ்தீஷியா டெக்னீஷியன் முனுசாமி மருந்துகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தார்.

மாஸ்க்கை முகத்தில் வைப்பதற்கு முன் ஜலீல் பாய் என் முகத்தையே பார்த்தார். நான் கட்டியிருந்த முகமூடியை இறக்கிச் சிரித்துக்காட்டினேன். அவர் கண் மூடிய பிறகுதான் கைகளைக் கட்டினோம்.

கிளாம்ப் போடுவதற்கு நிறைய முன்னாலேயே ஐசோவை ஓர் அளவில் நிறுத்தி, அப்புறம் அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இது முக்கியம். வாயுவை மாற்றிக்கொண்டே இருந்தால், அலை தளர்வது வாயுவினாலா, ரத்தம் குறைந்ததாலா என்று தெரியாமல் போகும். மூச்சு மெஷினையும் வேகமாக ஓடவிடவில்லை. அந்த வேகத்தில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் மூளைக்குழாய்கள் சுருங்கும். இந்த மனிதருக்கு அதைத் தாங்கும் வசதி இல்லை.

சேகர் குழாயை வெளிப்படுத்தி, "போடலாமா மேடம்?" என்றார். நான் மருந்து கொடுத்து பி.பி.யை அவருடைய வழக்கமான அளவுக்குச் சற்று மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, போடுங்கள் என்றேன்.

கிளாம்ப் விழுந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சேகர் குழாயைத் திறந்தார். அப்போது கவிதா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"மேடம், லெஃப்ட் ஸ்லோ ஆகுது."

இடது பக்கத்து நெருக்கமான சின்ன அலைகள் மறைந்து, அகலமான சோம்பல் அலைகள் வந்தன. வலது பக்கம் மாறவில்லை. வாயு காரணமென்றால் இரண்டு பக்கமும் மாறியிருக்கும். பி.பி.யை இன்னும் ஏற்றினேன். அலைகள் சற்று நிமிர்ந்தன. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் மறுபடி தளர்ந்தன.

முனுசாமி மெதுவாக, "ஐசோ கொஞ்சம் ஏத்தலாமா மேடம்? மூளைக்கு ரெஸ்ட் கெடைக்கும்ல?" என்று கேட்டார்.

என் கை ஏற்கெனவே வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேப்பரைசரின் திருகில் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் இரண்டு பக்கமும் அமைதியாகப் படுத்திருக்கும். திரையில் பயமுறுத்த எதுவும் இருந்திருக்காது. நான் பயப்படாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். அவர் மூளைக்கு வேண்டியது ரத்தம். கையை எடுத்துக்கொண்டேன்.

"டாக்டர், ஷன்ட் வேணும்."

சேகர் நிமிராமல், "கட்டி ரொம்ப மேல வரைக்கும் போயிருக்கு மேடம். இந்த இடத்துல ஷன்ட் செருகறது ரிஸ்க். கொஞ்சம் பாக்கலாமா?" என்றார்.

"பாக்க வேணாம். பி.பி. ஏத்தியும் நிக்கல. போடுங்க."

அவர் வாதாடவில்லை. ஷன்ட்டைக் கேட்டு வாங்கினார். மேல் முனை முதலில் போகவில்லை. எடுத்து, கழுவி, மறுபடி முயன்றார். எத்தனை தரம் படித்திருக்கிறேன், எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வாயு தேவையைக் குறைத்து அவகாசம் வாங்கித்தரும் என்று. அந்த அவகாசத்துக்குள் நின்றுகொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் உடம்பில் தெரிந்தது. செல்கள் பேச்சை விட்டுவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தன. எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"போயிடுச்சு" என்றார் சேகர். ஷன்ட்டுக்குள் சிவப்பு ஏறியது.

கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது அலைகள் உடனே திரும்பவில்லை. அப்புறம் சோம்பல் அலைகளுக்கு நடுவே சின்ன அலைகள் ஒன்றிரண்டு தென்பட்டன. மெல்ல மெல்ல வலது பக்கத்தைப் போலவே ஆயின. முனுசாமி என் பின்னால் நின்று மூச்சுவிட்டது கேட்டது.

மிச்ச ஆபரேஷன் நிதானமாக முடிந்தது. கட்டியை எடுத்து, மறுபடி கிளாம்ப் போட்டு ஷன்ட்டை உருவி, குழாயைத் தைத்து மூடினார். இந்த இரண்டாவது முறை கிளாம்ப் போட்டது சொற்ப நேரம்தான், அலைகள் தாங்கின.

5. யாருக்கும் புரியாத பேச்சு

கைக்கட்டுகளை அவிழ்த்துவிட்டு வாயுவை நிறுத்தினேன். முனுசாமி பழக்கதோஷத்தில் குனிந்து, "பாய், கண்ணத் தொறங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் இடது தோளைத் தட்டினேன். ஜலீல் பாய் இருமினார். தொண்டையிலிருந்த மூச்சு டியூபை எடுத்தேன். மூச்சு நன்றாக இருந்தது. கண்ணில் போட்டிருந்த களிம்பைத் துடைத்து, அவருடைய கண்ணாடியை மாட்டிவிட்டேன். சேகர் விளக்கைத் தாழ்த்தி, தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளும் மேலே எழுந்தன. வலது கை நல்ல பலத்தோடு எழுந்தது. முனுசாமி கைதட்டாத குறை. ஷபானாவுக்குத் தொப்பியும் கவுனும் போட்டு உள்ளே அழைத்து வந்தோம்.

அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். மறுபடி சொன்னார். ஷபானா அவர் கைகளையே பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்ன சொல்றாருன்னு தெரியல மா. ஒண்ணும் புரியல."

திரும்பக் கேட்கச் சொன்னேன். அவள் சைகையில் கேட்டாள். அவர் கோபமாக அதையே செய்தார். விரல்கள் நெற்றிக்குப் போயின, மடங்கின, விரிந்தன. பலமான, வேகமான, யாருக்கும் புரியாத கைகள்.

"அதே மாதிரிதான் பண்றாரு. கை குழறுது" என்று ஷபானா அழ ஆரம்பித்தாள்.

சேகர் டாப்ளர் கருவியைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் வைத்தார். ரத்தம் ஓடும் சத்தம் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் உள்ளே தையலில் ரத்தக்கட்டி பிடித்துத் துணுக்கு மேலே போயிருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு நிமிஷமும் மூளை போய்க்கொண்டிருக்கிறது. உடனே மறுபடி கழுத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சேகர் கையுறை மாற்ற ஆரம்பித்துவிட்டார்.

"மறுபடி தூங்க வைங்க மேடம். தொறந்து பாத்துடறேன்."

அவர் சொன்னது தவறல்ல. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையே சொல்வார்கள். ஆனால் அப்போதுதான் அடைப்பு நீங்கிய மூளைக்கு, அந்த வயதில், இன்னொரு மயக்கமும் இன்னொரு கிளாம்ப்பும் சின்ன விஷயமல்ல. நான் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே ஜலீல் பாயைப் பார்த்தேன். ஏதோ ஒன்று இடறியது. குழறும் பேச்சு ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக வரும். இவர் செய்தது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது. அதே நெற்றி, அதே விரல் மடிப்பு, அதே வரிசை.

எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்கள் நிறைய. தியேட்டருக்குள் தமிழில் பேசிக்கொண்டே வருகிற பெண்கள், மயக்கம் தெளியும்போது தெலுங்கில் முனகுவார்கள். கொஞ்ச நேரத்துக்குத் தமிழ் வராது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெண்கள் உருதுவுக்குப் போய்விடுவார்கள். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"ஷபானா, அத்தா உங்ககூட பேசற சைகை எங்க கத்துக்கிட்டது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது எங்க வீட்டு சைகை மா. அம்மாவும் அத்தாவும் கல்யாணத்துக்கு அப்புறம் அவங்களா வெச்சிக்கினது" என்றாள்.

"அதுக்கு முன்னாடி?"

"மெட்ராஸ்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சாரு. அந்த சைகை வேற. எங்களுக்கு தெரியாது. ராஜாராம் மாமாகூட மட்டும்தான் அப்டி பேசுவாரு."

"அவர் எங்க இருக்காரு?"

"வெளிய அம்மாகூடதான் உக்காந்துக்கினு இருக்காரு."

சேகரிடம் திரும்பி, ஒரே ஒரு ஆளை உள்ளே வரவிடுங்கள், அதற்குமேல் நான் தடுக்கமாட்டேன் என்றேன். அவர் டாப்ளரைக் கழுத்திலிருந்து எடுக்காமல், "சீக்கிரம்" என்றார்.

ராஜாராம் செவிலிமேட்டில் ஓர் அச்சகத்தில் வேலை செய்பவர். அவருக்கும் காது கேட்காது. ஜலீல் பாயோடு அதே பள்ளியில், அதே ஹாஸ்டலில் படித்தவர். முனுசாமி அவருக்குக் கவுனை மாட்டிய வேகத்தில் அது முன்பின்னாகிவிட்டது. அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஜலீல் பாய் அவரிடமும் அதையே சொன்னார்.

ராஜாராம் சிரித்துவிட்டார். தொண்டையிலிருந்து வந்த பெரிய சத்தம். சேகர் திடுக்கிட்டுப் பார்த்தார். ராஜாராம் மேலே எரிந்த விளக்கைக் காட்டி, ஷபானாவுக்குத் தெரிந்த வீட்டுச் சைகையில் நிதானமாக, ஒவ்வொன்றாக விளக்கினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு எங்களிடம் திரும்பினாள்.

"'லைட்ட அணைங்கடா, இன்னும் விடியல'ன்னு சொல்றாராம் மா. ஹாஸ்டல்ல மணி அடிச்சா யாருக்கும் கேக்காதில்ல? வார்டன் வந்து லைட்டு போட்டுதான் எழுப்புவாராம்."

சேகர் கையை உயர்த்தி, விளக்கை அணைத்தார்.

ஜலீல் பாய் கண்களைச் சிமிட்டினார். ராஜாராம் அவரிடம் சைகையில் ஏதோ சொன்னார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இது ஹாஸ்டல் இல்லை என்பதாக இருக்க வேண்டும். ஜலீல் பாய் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவர் கைகள் இப்போது வேறு மாதிரி அசைந்தன. ஷபானா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத, வலிக்கல, கழுத்து மட்டும் இறுக்கமா இருக்குதுன்னு சொல்றாரு. இது எனக்கு புரியுது மா."

சேகர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மருந்து ஏற்றி வைத்திருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன்.

6. அதற்குப் பிறகு

ஐ.சி.யூ.வில் பி.பி.யைக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. ரொம்ப காலம் ரத்தத்துக்கு ஏங்கிய மூளைக்குத் திடீரென்று நிறைய வந்தால் அதுவும் ஆபத்து. இரண்டு நாள் தலைவலி இருந்து, பிறகு போய்விட்டது. அதன்பின் அவருக்குக் கை குழறவில்லை.

அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மயக்கம் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் சின்ன வயதில் வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேட்பேன். என்னோடு வேலை செய்யும் இளைய மருத்துவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். வாயுவின் கணக்குகளெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றைப் படித்துத்தான் ஆக வேண்டும். ரத்தம் குறையும்போது எந்த வாயு எவ்வளவு தாங்கவைக்கும் என்பது தெரியாமல் இந்த வேலைக்கு வரக்கூடாது. ஆனால் அது வாங்கித்தருவது அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்தில் குழாயைச் செருகுவதும், பொறுத்திருந்து பார்ப்பதும், சரியான ஆளை உள்ளே கூப்பிடுவதும் நாம் செய்ய வேண்டியவை.

தையல் பிரித்த பிறகு ஜலீல் பாய் ஒருநாள் சோதனைக்கு வந்தார். கூட மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. தூக்கத்தில் இருந்த நேரத்தைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று ஷபானாவிடம் கேட்கச் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு நிதானமாகக் கையால் சொன்னார். ஷபானா என்னைப் பார்த்தாள்.

"எங்க இருந்தேன்னு தெரியலயாம். ஆனா ரொம்ப அமைதியா இருந்துச்சாம். யாரும் அவசரப்படுத்தலன்னு சொல்றாரு."

கவிதா இழுத்துப் போட்ட நாற்காலியும், முதல் முறை உள்ளே போகாத ஷன்ட்டும், கையுறை மாற்றிக்கொண்டிருந்த சேகரும் என எல்லாமே என் கண்முன் வந்தன. அதையெல்லாம் அவரிடம் சொல்லச் சொல்லவில்லை. அன்று நாங்கள் பட்ட அவசரம் அவருக்குத் தெரியாமல் போயிற்று. என் வேலையே அதுதான்.